டஸ்கீகியின் செவிலியர்: ஆய்வுக்கான ஒப்புதலை யார் கேட்கிறார்கள்

1933ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேக்கன் கவுண்டியைச் சேர்ந்த கறுப்பின ஆண்கள் பலருக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளூர்ச் சுகாதாரத் துறை, மாநிலச் சுகாதார வாரியம், மத்திய அரசின் பொதுச் சுகாதாரச் சேவை, டஸ்கீகி கல்வி நிறுவனம் ஆகிய நான்கின் பெயர்களையும் அது தாங்கியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிறருடைய நிலத்தில் பருத்தி விளைவித்து, விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிழைத்த குடியானவர்கள். மருத்துவரைக் கண்ணால் காண்பதே அவர்களுக்கு அரிது. உங்களை மறுபடியும் பரிசோதிக்கப்போகிறோம், அதன் பிறகு சிறப்புச் சிகிச்சை தரப்படும் என்று சொன்ன அந்தக் கடிதம், இலவசச் சிறப்புச் சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு, செவிலியரைத் தவறாமல் சந்தியுங்கள் என்று பெரிய எழுத்துகளில் முடிந்தது.

கடிதம் சொன்ன சிறப்புச் சிகிச்சை, முதுகெலும்பில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுக்கும் சோதனை. கடும் தலைவலியையும் வேறு உபாதைகளையும் தரக்கூடிய அந்தச் சோதனையால் அவர்களுடைய நோய்க்கு ஒரு நன்மையும் கிடையாது. பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோய் நரம்பு மண்டலத்தை எட்டிவிட்டதா என்று ஆய்வாளர்கள் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே அது செய்யப்பட்டது. கடிதத்தில் இருந்த பொய்யைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதன் கடைசி வரி ஏன் செவிலியரைக் குறிப்பிட்டது என்ற கேள்வி, மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் ஆய்வுகளுக்குத் தகவல் திரட்டும் எவருக்கும் இன்னும் நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

டஸ்கீகி ஆய்வு என்று பின்னால் அறியப்பட்ட இந்த ஆய்வு தொடங்கியது 1932இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ரோசன்வால்ட் அறக்கட்டளையின் நிதியுதவியோடு அதே வட்டாரத்தில் சிபிலிஸைக் கண்டறிந்து உண்மையாகவே சிகிச்சை தரும் திட்டம் ஒன்று நடந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் நிதி வற்றியதும் அது நின்றது. நோயாளிகள் யார் என்று தெரிந்திருந்தது, சிகிச்சைக்குப் பணம் இல்லை என்ற அந்த நிலையில், இவர்களைச் சிகிச்சையின்றிக் கவனித்தால் நோயின் இயல்பான போக்கை அறியலாமே என்ற யோசனை பொதுச் சுகாதாரச் சேவையின் மருத்துவர்களுக்கு எழுந்தது. நார்வேயின் ஆஸ்லோவில் சிகிச்சை பெறாத சிபிலிஸ் நோயாளிகளைப் பற்றிய பழைய பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை அப்போதுதான் வெளிவந்திருந்தது. அது வெள்ளையர்களைப் பற்றியது, கறுப்பர்களின் உடலில் இந்நோய் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்ற இனவாத நம்பிக்கை, ஆய்வுக்கு ஒரு அறிவியல் காரணம்போல முன்வைக்கப்பட்டது. சுமார் 600 ஆண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் இருந்தது. 201 பேர் நோயில்லாத ஒப்பீட்டுக் குழுவினர். நோயின் பெயர் அவர்களிடம் சொல்லப்படவில்லை. ரத்தசோகை, அசதி, சிபிலிஸ் என எல்லாவற்றுக்கும் அந்த ஊரார் சொல்லிவந்த ‘கெட்ட ரத்தம்’ என்ற வழக்குச் சொல்லையே மருத்துவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். மக்களின் மொழியில் பேசுவது நல்ல பழக்கம்தான்; ஆனால் இங்கே அந்த மொழி விளக்குவதற்குப் பயன்படாமல் மறைப்பதற்குப் பயன்பட்டது.

ஆறு முதல் எட்டு மாதங்களில் முடிந்துவிடும் என்று தொடங்கிய வேலை 40 ஆண்டுகள் நடந்தது. அந்த 40 ஆண்டுகளில் மருத்துவர்கள் வந்தார்கள், போனார்கள். தொடக்கம் முதல் அந்த ஆண்களோடு நெடுங்காலம் தொடர்ந்து இருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர் ஒருவர்தான். டஸ்கீகியிலேயே 1922இல் செவிலியப் படிப்பை முடித்தவர். ஊர் ஊராகச் சென்று வேளாண்மையும் சுகாதாரமும் கற்பித்த நடமாடும் பள்ளியில் வேலை செய்தவர். மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அறிந்தவர். ஆய்வுக்கு வரும் ஆண்களை அரசு வாகனத்தில் தாமே ஏற்றிக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குப் பிறகு வீட்டில் கொண்டுவந்து விட்டார். அக்கம்பக்கத்தார் பார்க்க அரசு வண்டியில் போவதை அவர்கள் பெருமையாகக் கருதினார்கள். வீடுகளுக்குச் சென்று குடும்பத்தாரின் நலம் விசாரித்தார். இறந்தவர்களின் இறுதிச் சடங்கில் குடும்பத்தில் ஒருவரைப் போல் உட்கார்ந்தார். மில்பேங்க் நினைவு நிதியம் அடக்கச் செலவுக்கு 50 டாலர் தந்தது. கௌரவமான அடக்கம் என்பது அந்த ஏழைகளுக்குப் பெரிய விஷயம். அதற்கு ஈடாக உடலைப் பிரேதப் பரிசோதனைக்குத் தர வேண்டும். அந்தச் சம்மதத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கியவரும் அவர்தான். ஆய்வில் இருந்தவர்கள் தங்களை ‘மிஸ் ரிவர்ஸின் சங்கத்தார்’ என்று அழைத்துக்கொண்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்த அன்பு போலியானது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அவர் அந்த மனிதர்கள்மேல் உண்மையாகவே அக்கறை கொண்டிருந்தார் என்றே அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த அக்கறை உண்மையாக இருந்ததால்தான் ஆய்வு 40 ஆண்டுகள் ஓடியது. போலியாக இருந்திருந்தால் அவர்கள் எப்போதோ விலகியிருப்பார்கள். ஆக, இந்த ஆய்வின் முக்கியக் கருவியாக இருந்தது செவிலியர்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை. 1953இல் ஆய்வின் 20 ஆண்டு அனுபவத்தைப் பற்றி அரசின் பொதுச் சுகாதார இதழில் வெளிவந்த கட்டுரையின் முதல் ஆசிரியராக ரிவர்ஸின் பெயரே இருந்தது. நோயாளிகளை நீண்ட காலம் ஆய்வில் தக்கவைத்துக்கொள்வது எப்படி என்பதே அதன் பொருள். நீண்ட கால ஆய்வுகளில் பங்கேற்பாளர்கள் விலகாமல் பார்த்துக்கொள்ளும் உத்திகளை இன்றைக்கும் ஆய்வுமுறைப் பாடங்களில் கற்பிக்கிறார்கள். வீடு தேடிப் போவது, போக்குவரத்து வசதி செய்வது, ஒரே ஆளே தொடர்ந்து தொடர்புகொள்வது என்று அந்தப் பட்டியலில் இருப்பவற்றுள் பல இந்தக் கட்டுரையில் அன்றே இருக்கின்றன. 1958இல் அவருக்கு அமெரிக்க அரசின் சுகாதாரம், கல்வி, நலத் துறை விருது வழங்கியது. ஆய்வில் நீடித்தவர்களுக்கு அதே ஆண்டு சான்றிதழும், ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் 25 டாலரும் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் பெனிசிலின் வந்துவிட்டது. 1940களின் முடிவுக்குள் சிபிலிஸுக்கு அதுவே ஏற்கப்பட்ட சிகிச்சை. மேக்கன் கவுண்டியின் ஆய்வில் இருந்தவர்களுக்கு அது தரப்படவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது படைக்கு ஆள் சேர்க்கும் வாரியம் அவர்களில் சிலரைச் சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, இவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று பொதுச் சுகாதாரச் சேவை கேட்டுக்கொண்டது. சிகிச்சை தராமல் விட்டதோடு நில்லாமல், வேறு வழியில் கிடைக்கவிருந்த சிகிச்சையையும் தடுத்தார்கள்.

இது இருட்டில் நடந்த ரகசியம் அல்ல என்பதைத் தமிழில் இதைப் பற்றி எழுதும்போது நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். 1936 முதல் பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மருத்துவ இதழ்களில் வந்தன. சிகிச்சை பெறாத சிபிலிஸ் என்று தலைப்பிலேயே இருந்தது. ஆசிரியர் குழுக்கள் படித்தன, நூலகங்களில் அடுக்கினார்கள், பிறர் மேற்கோள் காட்டினார்கள். 1965இல் இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் மருத்துவர், குணப்படுத்தத்தக்க நோயைச் சிகிச்சையின்றி விடுவது எப்படிச் சரியாகும் என்று ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. 1966இல் பீட்டர் பக்ஸ்டன் என்ற பொதுச் சுகாதாரச் சேவை ஊழியர் மேலதிகாரிகளிடம் முறையிட்டார். அதன் விளைவாக 1969இல் கூடிய நிபுணர் குழு ஆய்வைத் தொடரலாம் என்றே முடிவு செய்தது. கடைசியில் அவர் பத்திரிகையாளரை நாடினார். 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லரின் செய்தி வெளிவந்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள் ஆய்வு நிறுத்தப்பட்டது. மனிதர்கள்மேல் நடக்கும் ஆய்வுக்கு அவர்களின் சுயவிருப்பமான ஒப்புதல் இன்றியமையாதது என்று நியூரம்பெர்க் நெறி 1947இலேயே சொல்லிவிட்டது. மருத்துவ ஆய்வுகளின் அறத்தைப் பற்றிய ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது. இரண்டும் இருக்கும்போதே இது நடந்துகொண்டிருந்தது.

அறம் தவறினாலும் அறிவியலாவது மிஞ்சியதே என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அதுவும் மிஞ்சவில்லை. சிகிச்சை பெறாத நோயின் போக்கை அறிவதே நோக்கம். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே அன்றைய ஆர்சனிக் மருந்தும் பாதரசமும் போதாத அளவில் கொடுக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் வேறு காரணங்களுக்காகச் சிலர் வெளியில் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களில் சிலருக்கு நடுவில் சிபிலிஸ் வந்தபோது அவர்களை அப்படியே நோயாளிகள் குழுவுக்கு மாற்றிவிட்டார்கள்; ஆய்வுமுறை பயிலும் முதலாண்டு மாணவரும் இதைத் தவறு என்பார். யாருக்கு எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று தெரியாத ஒரு கூட்டத்தை ‘சிகிச்சை பெறாதவர்கள்’ என்று பெயரிட்டு எண்களை அச்சிட்டார்கள். பங்கேற்பவரிடம் உண்மை சொல்லாத ஆய்வில், பங்கேற்பவரும் ஆய்வாளரிடம் முழு உண்மையைச் சொல்வதற்கு வழி இல்லை. எனக்கு வேறு மருந்து தருகிறார்கள், இதனால் உங்கள் கணக்கு பாதிக்குமா என்று கேட்க, தான் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? நல்ல ஆய்வு நடைமுறை, ஆய்வு அறம் என்று இரண்டு தனித்தனிப் பாடங்களாகப் பிரித்துக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம்.

ரிவர்ஸ் பிற்காலத்தில் தம் நிலையை விளக்கியபோது, நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் செவிலியரின் வேலை அல்ல, மருத்துவர் சொல்வதைச் செய்யவே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது என்ற பொருளில் பேசினார். அவர் வாழ்ந்த சூழலை மறந்துவிட்டு இதைத் தள்ளிவிட முடியாது. நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென்மாநிலத்தில், வெள்ளை மருத்துவர்களின் கீழ், ஒரு கறுப்பினப் பெண்ணாக, செவிலியராக அவர் நின்றார். மறுத்திருந்தால் அவர் வேலைதான் போயிருக்கும், ஆய்வு போயிருக்காது. டஸ்கீகியின் கறுப்பின மருத்துவர்களும் நிறுவனத் தலைமையும் ஒத்துழைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, அவர் பக்கத்து நியாயத்தை முழுதாக ஏற்க என்னால் இயலவில்லை. மருந்து எழுதும் அதிகாரம் அவரிடம் இல்லை, உண்மை. ஆனால் செவிலியரைத் தவறாமல் சந்தியுங்கள் என்ற வரியை எழுதியவர்களுக்கு, அவரிடம் வேறொரு அதிகாரம் இருந்தது தெரியும். சம்மதம் வாங்கும் அதிகாரம் அது.

1974இல் அமெரிக்கா ஒரு தேசிய ஆய்வுச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் அமைந்த ஆணையத்தின் பெல்மான்ட் அறிக்கை 1979இல் அரசிதழில் வந்தது. மனிதரின் தன்முடிவை மதித்தல், நன்மையை நாடித் தீங்கைத் தவிர்த்தல், சுமையையும் பயனையும் நீதியாகப் பகிர்தல் என்று அது வகுத்த மூன்று கொள்கைகளே இன்று உலகெங்கும் நெறிமுறைக் குழுக்கள் பேசும் மொழி. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களும், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளும் நடைமுறையில் உள்ளன. நெறிமுறைக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் அறிந்தவரும், சமூக அறிவியலாளரும், துறை சாராத பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களைப் புதிய மருந்து மூலக்கூறுகளின் பரிசோதனையில் சேர்த்தால், விளக்கம் சொல்லி ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும்.

இவை தேவையானவை. ஆனால் விதிகளின் பார்வை பெரும்பாலும் தாளின்மேல் இருக்கிறது. ரிவர்ஸின் கதை நிகழ்ந்தது தாளுக்கு வெளியே. நம் அரசு மருத்துவமனை வார்டு ஒன்றை நினைத்துப்பாருங்கள். செவிலியப் பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டுக்காக, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலியைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சியைப் பற்றியோ, நீரிழிவு நோயாளிகளின் கால் பராமரிப்பு அறிவைப் பற்றியோ தகவல் திரட்டுகிறார். ஆபத்தில்லாத ஆய்வுதான். கட்டிலில் இருக்கும் அம்மாளிடம் போய், “அம்மா, ஒரு சின்ன ஆராய்ச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க” என்கிறார். காலையில் ஊசி போட்டதும், ட்ரிப்ஸ் மாற்றியதும், வலிக்கிறது என்றபோது ஓடிவந்ததும் இதே சீருடைதான். அந்த அம்மாள் படிவத்தைப் பார்ப்பதில்லை. சிஸ்டரின் முகத்தைப் பார்க்கிறார். “எங்கம்மா போடணும்?” என்று கேட்டுக் கைநாட்டு வைக்கிறார். மறுத்தால் நாளைக்குக் கவனிப்பு குறையுமோ என்ற அச்சம் இருக்கலாம். அச்சமே இல்லாமல், இவ்வளவு செய்த பிள்ளை கேட்கிறதே என்ற நன்றியும் இருக்கலாம். அச்சத்தைவிட நன்றியைக் கையாள்வதுதான் கடினம், ஏனென்றால் அது இரு பக்கமும் நல்லதாகவே தோன்றும்.

இதற்குத் தீர்வாக நெறிமுறை இலக்கியம் சொல்பவற்றுள் எளிமையானதும் மிகக் குறைவாகப் பின்பற்றப்படுவதும் ஒன்று உண்டு: பராமரிப்பவரும் ஒப்புதல் கேட்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறையால் அது முடியாத இடங்களில், கேட்கும் நேரத்தையாவது பிரிக்கலாம். மருந்து கொடுக்கும் சுற்றின்போது கேட்காமல், தகவல் தாளைக் கொடுத்துவிட்டு, வீட்டாரோடு பேசிக்கொள்ள ஒரு நாள் விட்டு, மறுநாள் வந்து கேட்பது. வேண்டாம் என்று சொன்னால் சிகிச்சையில் எதுவும் மாறாது என்ற வாக்கியத்தைப் படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில் புதைக்காமல் வாய்விட்டுச் சொல்வது. தகவல் தாளின் தமிழையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘சீரற்ற முறையில் ஒதுக்கீடு’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் நீங்கள் எந்தக் குழுவில் சேர்வீர்கள் என்று முடிவாகும், உங்களுக்கு எது நல்லது என்று மருத்துவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை என்று எழுதினால் புரியும். இரண்டாவது பகுதியை எழுதக் கை கூசும், ஏனெனில் அதைப் படித்துச் சிலர் வேண்டாம் என்பார்கள். அப்படிச் சொல்லக்கூடிய அளவுக்குப் புரிந்தால்தான் சரி என்பதற்கும் மதிப்பு உண்டு.

மறுப்பவர்கள் கூடினால் மாதிரி எண்ணிக்கை குறையும், கல்லூரி தந்த கெடு நெருங்கும். தகவல்களை இட்டுக்கட்டும் சபலம் எழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வராத பத்துப் பேரின் வினாத்தாள்களை இரவில் உட்கார்ந்து நிரப்புவது யாருக்கும் தீங்கற்றது என்று களைத்துப்போன மாணவருக்குத் தோன்றலாம். ஆறு வாரத்தில் அறுபது நோயாளிகள் என்று நடக்காத இலக்கை நிர்ணயித்த வழிகாட்டிக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. நாற்பது பேரோடு முடிந்த நேர்மையான ஆய்வேட்டை, ஏன் நாற்பதோடு நின்றது என்ற விளக்கத்தோடு ஏற்றுக்கொள்ளும் தேர்வாளர்கள் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மருந்து, பயிற்சி என ஏதேனும் ஒன்றைக் கொடுத்து விளைவைப் பார்க்கும் ஆய்வுகளை முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்ற விதியும் இதோடு சேர்ந்தது. எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டால், முடிவு வந்த பிறகு கேள்வியை மாற்றிக்கொள்ள முடியாது.

டஸ்கீகியைப் போலக் கறுப்பு வெள்ளையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாத ஒரு நிகழ்வு தமிழ்நாட்டிலேயே உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பெரிய ஆய்வு நடந்தது. கருப்பைவாயில் அசெட்டிக் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்த்து மாற்றங்களைக் கண்டறியும் முறை அது; செலவு மிகக் குறைவு, ஆய்வுக்கூடம் தேவையில்லை. பரிசோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 30 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 49,311 பேர் பரிசோதனைக் குழுவிலும் 30,958 பேர் ஒப்பீட்டுக் குழுவிலும் இருந்தார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவுகள் வந்தன: பரிசோதனைக் குழுவில் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஏழை நாடுகளின் பெண்களுக்கு இதன் பயன் பெரிது; செவிலியர்களின் கையால் உயிர்கள் காக்கப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தேடுவது கடினம்.

ஆனால் ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்கு ஆய்வு எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. அப்பகுதியில் வழக்கமாகக் கிடைத்த கவனிப்பு மட்டுமே அவர்களுக்கு உண்டு. இந்தியாவில் நடந்த இவ்வகை ஆய்வுகளைப் பற்றிக் கடும் விமர்சனம் எழுந்தது. கருப்பைவாயின் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் என்ற சோதனை பல பத்தாண்டுகளாகப் பயனுள்ளது என்று அறியப்பட்டிருக்க, ஒரு கூட்டத்தைப் பரிசோதனையின்றி விட்டு அவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எண்ணுவது முறையா என்று கேட்டார்கள். அந்தக் கிராமங்களில் எந்தப் பரிசோதனையும் நடைமுறையில் இல்லை, ஆய்வு யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை, இருக்கும் நிலையோடு ஒப்பிட்டால்தான் அரசு ஏற்கும் சான்று கிடைக்கும் என்று மறுபக்கம் பதில் சொன்னது. டஸ்கீகியோடு இதை நேராக ஒப்பிடுவது நியாயமில்லை. இங்கே யாருடைய சிகிச்சையும் தடுக்கப்படவில்லை, நோக்கமும் வேறு. ஆனாலும், இருக்கும் நிலையே பரிசோதனை இல்லாத நிலை என்பது வறுமை உண்டாக்கிய நிலை. அந்த வறுமையை ஆய்வு வடிவமைப்பின் ஓர் உறுப்பாக ஆக்கிக்கொள்ளும்போது, ஆய்வு முடிந்தவுடன் ஒப்பீட்டுக் குழுவின் ஒவ்வொரு பெண்ணுக்கும் அதே பரிசோதனை சென்றுசேர வேண்டும் என்பதும் வடிவமைப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், அதற்கான நிதியோடு. இப்படியொரு ஆய்வின் திட்டவரைவு நெறிமுறைக் குழுவின் மேசைக்கு வரும்போது, அந்தப் பெண்களின் வாசல்படியில் போய் நிற்கப்போகும் செவிலியர்களில் ஒருவரும் அந்த மேசையில் உறுப்பினராக உட்கார்ந்திருக்க வேண்டும். பரிசோதனை இல்லாத குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை அந்தப் பெண்ணிடம் எந்தச் சொற்களில் சொல்லப்போகிறோம் என்று கேட்க வேண்டியவர் அவர்.